அரிசி அளக்கும் இடத்தில் பாடம் தொடங்கட்டும்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்துத் தமிழ் வழிப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தாருக்கும் வணக்கம்.

மட்கும் குப்பை எது, மட்காதது எது என்று நம் பிள்ளைகளுக்கு இனிச் சொல்லித் தர வேண்டியதில்லை. பிளாஸ்டிக்கை வாங்கிப் போக, கேரள உள்ளாட்சிகளின் குப்பை சேகரிப்புக் குழுவான ஹரித கர்ம சேனையினர் வாசலுக்கே வருகிறார்கள். மிஞ்சிய சோற்றுக்கு உரக்குழியோ பயோபின் என்னும் உரத்தொட்டியோ இருக்கிறது. நம் சுற்றுச்சூழல் பாடம் அந்தக் குழியோடு நின்றுவிடுகிறது என்பதே என் குறை. உரமாகத்தானே போகிறது என்ற நிம்மதியில் கொட்டுவது பெருகுகிறதே தவிரக் குறையக் காணோம். முன்பெல்லாம் மிஞ்சியது தண்ணீர் ஊற்றிய பழைய சோறாகும். அதற்கும் மிஞ்சினால் கழனித்தண்ணீரோடு மாட்டுக்குப் போகும். இன்று பல வீடுகளில் மாடும் இல்லை, பழையது சாப்பிட ஆளும் இல்லை. அரிசி அளக்கும் படி மட்டும் மாறவில்லை.

உலகில் 2022ஆம் ஆண்டில் வீணான 105 கோடி டன் உணவில் சுமார் 60 விழுக்காடு வீடுகளில் வீணானது என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை. இந்தியாவில் வீட்டளவில் ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ என்பது அதன் மதிப்பீடு. இவ்வளவு பெரிய எண்கள் பிள்ளைகள் மனத்தில் தங்குமா என்பது ஐயமே. ஆழியாற்றுத் தண்ணீர் தங்கும். தமிழ்நாட்டோடு செய்த பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி, மணக்கடவு தடுப்பணையில் ஆண்டுதோறும் கேரளத்துக்கு வந்து சேர வேண்டிய 7.25 டி.எம்.சி. தண்ணீரைப் பற்றிப் பேசாத விவசாயக் குடும்பம் நம் வட்டத்தில் அரிது. ஒரு கிலோ நெல் விளைய வயலுக்கு ஏறத்தாழ 2,500 லிட்டர் நீர் வேண்டும் என்பதை அந்தப் பேச்சோடு சேர்த்துச் சொன்னால், குழியில் விழுவது வெறும் சோறல்ல என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும்.

நான் கேட்பது ஒன்றுதான். ஒரு வாரம் வீட்டில் கொட்டும் உணவை எடை போட்டு, அதிகம் வடித்த சோறா, ஃபிரிட்ஜில் மறந்த சாம்பாரா, வாங்கி வைத்து வதங்கிய கீரையா, தட்டில் ஒதுக்கியதா என்று எதிரே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அடுத்த வாரம், இரவு யார் யார் வீட்டில் சாப்பிடுவார்கள் என்று கேட்டுக்கொண்டு அரிசியை அளந்து போடும் பொறுப்பைப் பிள்ளைகளிடமே விட்டு, மீண்டும் எடை பார்க்கட்டும்.

வீட்டு வாரியான கணக்கை வகுப்பில் உரக்க வாசிக்க வேண்டாம். கொட்டுவதற்கு எதுவும் மிஞ்சாத வீட்டுப் பிள்ளையும் அங்கே உட்கார்ந்திருக்கும். அம்மாக்கள் மீதான குற்றப்பத்திரிகையாகவும் அது ஆகிவிடக் கூடாது. (சொல்லாமல் வெளியில் சாப்பிட்டு வரும் அப்பாக்களைப் பற்றியும் அந்த ஒரு வரியில் எழுதலாம்.)

உணவு வீணாவதைத் தடுப்பதற்கான பன்னாட்டு விழிப்புணர்வு நாள் செப்டம்பர் 29. இந்த முறை பேரணியும் சுவரொட்டிப் போட்டியும் இல்லாமல், அந்த இரண்டு வாரக் கணக்கை அன்று பெற்றோர் கூட்டத்தில் மொத்தமாக வையுங்கள். தராசு இல்லாத வீடுகளுக்குப் பள்ளித் தராசைத் தந்து உதவுவது பற்றி அடுத்த கழகக் கூட்டத்திலேயே முடிவெடுக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு பெற்றோர்