கொடைக்கானல் வாரத்தைக் கைவிடாதே

மண்டபம்,
ஆவணி மாதம்.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் நலம். தங்கச்சியும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கியதிலிருந்து எங்களில் யாருக்கும் உட்கார நேரமில்லை. மீசைக்காரர் மட்டும் ஏலக்கூடத்து வாசலில் அமர்ந்து, போகிற வருகிறவர்களிடமெல்லாம் நீ எப்போது வருவாய் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார். மற்றச் செய்திகள் பிறகு. இந்தக் கடிதம் முழுவதும் உன் கொடைக்கானல் வாரத்தைப் பற்றியது, அதாவது ஆண்டுக்கு ஒரு வாரம் அங்குள்ள விடுதியில் தங்க நீ வாங்கி வைத்திருக்கும் டைம்ஷேர் உரிமையைப் பற்றியது.

நேற்று இரவு உன் மகள் தொலைபேசியில் அழைத்து, "மாமா, அப்பா பணம் கட்டப் போகிறார், நீங்கள் சொன்னால்தான் கேட்பார்" என்றாள். தங்கச்சிக்கு மூச்சு வாங்குவதால் 7,000 அடி உயரத்துக்கு அழைத்துப் போக வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம். உடனே நீ, இனி அந்த டைம்ஷேர் நமக்குப் பயன்படாது என்று தீர்மானித்து, அதை விற்றுத் தருவதாகத் தொலைபேசியில் பேசிய யாரோ ஒருவருக்குப் பதிவுக் கட்டணம், ஜி.எஸ்.டி. என்று முன்பணம் அனுப்ப இருக்கிறாயாம். பெரிய வாத்தியார் இருந்திருந்தால், "விடையை எழுதிவிட்டுத்தான் கேள்வியைப் படிப்பாயா?" என்று இன்றைக்கும் உன் காதைத் திருகியிருப்பார்.

மாப்பிள்ளை, ஒரு ரூபாய்கூட அனுப்பாதே. இதை நான் மிகுந்த கவலையோடு எழுதுகிறேன். வாங்குகிறவர் தயாராக இருக்கிறார், நீ கொடுத்த விலையைவிடக் கூடுதலாகத் தருகிறார், இந்தச் சிறிய கட்டணத்தை மட்டும் கட்டிவிட்டால் போதும் என்பதுதான் இத்தகையவர்களின் முதல் பேச்சு. அதைக் கட்டியதும் பெயர் மாற்ற வரி என்று இன்னொன்று வரும், அதற்குப் பிறகு திருப்பித் தரப்படும் வைப்புத்தொகை என்று மூன்றாவது வரும், கடைசியில் அந்த எண்ணை யாரும் எடுக்கமாட்டார்கள். உன் உறுப்பினர் எண்ணையும் நீ வாங்கிய ஆண்டையும் அவர் சரியாகச் சொன்னார் என்பதால் நம்பினேன் என்றாயாம். உறுப்பினர் பட்டியல்கள் எத்தனையோ கை மாறுகின்றன. அது ஒரு சான்றே அல்ல. உண்மையான தரகர் விற்று முடித்த பிறகு, விற்ற பணத்திலிருந்துதான் தன் கூலியை எடுப்பார். பெயர் மாற்றத்தை அந்த விடுதியை நடத்தும் நிறுவனம் மட்டுமே செய்ய முடியும். அதற்கான கட்டணம் உன் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கும். ஆகவே அந்த ஒப்பந்தத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நீயே அழைத்துக் கேள். வங்கி விவரமோ ஓ.டி.பி.யோ ஏற்கெனவே சொல்லியிருந்தால், இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு முதலில் இணையவழிப் பண மோசடிக்கான 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடு.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மலைக்குப் போக முடியாது என்பதால் அந்த வாரம் வீணாகிவிடாது. அதைக் கொடுத்துவிட்டு வேறோர் இடத்தில் ஒரு வாரம் தங்கலாம். இதற்காகவே 1974-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் டிஹான் தம்பதியர் ஆர்.சி.ஐ. என்ற பரிமாற்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள்; இரண்டு ஆண்டுகள் கழித்து இன்டர்வெல் இன்டர்நேஷனல் வந்தது. ஆண்டுதோறும் ஒரே அறைக்குப் போய்ச் சலித்தவர்களும், உன்னைப்போல் போக முடியாமல் போனவர்களும் தங்கள் வாரத்தை ஒரு பொதுக் குவியலில் போட்டுவிட்டு, பிறர் போட்ட வாரங்களிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்கிறார்கள். யாருடைய அறையை எடுக்கிறாயோ அவரே உன் அறைக்கு வர வேண்டும் என்பதில்லை. அதனால்தான் இது நடைமுறைக்கு ஒத்துவருகிறது.

ஆனால் போட்ட வாரங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பு இல்லை. விடுதி எங்கே இருக்கிறது, எந்தப் பருவம், அறையில் எத்தனை பேர் தங்கலாம், விடுதியின் தரம் என்ன, எவ்வளவு முன்கூட்டியே ஒப்படைத்தாய் என்பவற்றை வைத்துத்தான் அதற்கு ஈடாக என்ன கிடைக்கும் என்று கணக்கிடுகிறார்கள். உன்னுடையது ஆண்டின் இருபதாவது வாரம். மே நடுவில், பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி நடக்கும் நாள்களை ஒட்டி, சமவெளியே வெந்துகொண்டிருக்கும் நேரத்தில், கொடைக்கானலில் ஓர் அறை என்றால் அதற்கு எத்தனை பேர் காத்திருப்பார்கள் என்று எண்ணிப் பார். உன் ஒப்பந்தத்தில் சிவப்புப் பருவம் என்று எழுதியிருப்பதன் பொருள் அதுதான். அதைப் போய் எவனோ ஒருவனுக்குக் காசும் கொடுத்துத் தாரைவார்க்கப் பார்த்தாயே!

காலம் தாழ்த்தாதே என்பதையும் சொல்லிவிடுகிறேன். விடியற்காலையில் ஏலத்துக்கு வரும் நண்டுக்குக் கிடைக்கும் விலை உச்சி வெயிலில் வரும் நண்டுக்குக் கிடைப்பதில்லை, வாரமும் அப்படித்தான். மே மாதத்துக்கு இன்னும் எட்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது, இப்போதே ஒப்படைத்தால் நல்ல மதிப்பை எதிர்பார்க்கலாம். ஒப்படைத்ததை உடனே பயன்படுத்த வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பொதுவாக இரண்டு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு.

அண்ணன் வாங்கி வைத்திருந்த வாரத்தை நான் இந்த முறையில்தான் கோவாவுக்கு மாற்றினேன் என்பது உனக்குத் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் கிடப்பதால், எங்கள் குடும்பம் சேர்ந்து எங்காவது போக வேண்டுமானால் அந்த 61 நாள்தான். அதுவோ பள்ளி விடுமுறையால் ஊரே அறை தேடும் காலம். அதனால் நான் ஒரே இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் மூன்று கடற்கரைகளைச் சேர்த்துக் கேட்டேன், கிடைத்தது. உனக்கு அந்த நெருக்கடி இல்லை. நீ ஓய்வு பெற்றவன். பள்ளிகள் நடக்கும் நாள்களில், கூட்டம் குறைந்த வாரத்தைக் கேட்டால் இன்னும் எளிதாகக் கிடைக்கும்.

செலவும் உண்டு. பராமரிப்புக் கட்டணம் நிலுவையில் இருந்தால் வாரத்தை ஏற்கமாட்டார்கள். பரிமாற்ற நிறுவனத்துக்கு உறுப்பினர் சந்தா தனி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் கட்டணம் தனி. இவற்றைக் கூட்டிப் பார்த்து, அதே ஊரில் நேரடியாக அறை எடுப்பதைவிட இலாபமாக இருந்தால் மட்டும் செய். உறுதிக் கடிதம் கைக்கு வரும் முன் ரயில் சீட்டு எடுக்காதே. எல்லாவற்றுக்கும் மேலாக, தரைத்தளத்து அறையா, லிப்ட் இருக்கிறதா, எவ்வளவு தொலைவில் மருத்துவமனை இருக்கிறது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள். கோவாவில் எங்களுக்குக் கிடைத்த அறைக்கு ஏறிப்போன படிகளைத் தங்கச்சி ஏறியிருக்க முடியாது.

ஒருவேளை உனக்கு எங்கேயும் போக மனமில்லை என்றால், உனக்குப் பதிலாக வேறொருவர் தங்க அனுமதிக்கும் விருந்தினர் சான்று வாங்கி உன் மகளையும் மருமகனையும் கொடைக்கானலுக்கே அனுப்பு. 2024 மே முதல் அங்கே போக இ-பாஸ் வேண்டும். அறை உறுதியாக இருந்தாலும் அதையும் எடுக்கச் சொல்.

பட்டியலில் இராமேசுவரம் இருக்கிறதா என்று கேட்டாயாம். இங்கே வருவதற்கு நீ எதைக் கொடுத்து எதை மாற்ற வேண்டும்? தை மாதம் வா. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தின் மேல் ரயில் போகிறது; தனுஷ்கோடிப் பக்கம் பூநாரைகள் வந்திருக்கும்; தங்கச்சிக்கு ஏற மலையும் இல்லை, மாடியும் இல்லை. கீழ் அறையை வெள்ளையடித்து வைக்கச் சொல்லிவிட்டேன்.

ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்களையும், கடைசியாகக் கட்டிய பராமரிப்புக் கட்டண ரசீதையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. எந்தப் பரிமாற்ற நிறுவனத்தோடு உன் விடுதி இணைந்திருக்கிறது என்பதை நான் பார்த்துச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வீட்டில்தான் இருப்பேன். அந்த ஆள் மறுபடியும் அழைத்தால் நீ பேசாதே, என் எண்ணைக் கொடுத்துவிடு.

அன்புடன்,
உன் மண்டபத்து மச்சான்.