பூஜ்ஜியம் போடும் செவிலியருக்கு மெமோ கொடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் பகுதி அரசு மருத்துவமனைகள் தேசியத் தரச்சான்றுக்குத் தயாராகி வருவதாகச் சென்ற வாரம் உங்கள் நாளிதழில் படித்தேன். சுவருக்கு வண்ணம் பூசும் படமும் வந்திருந்தது. முப்பத்து நான்கு ஆண்டுகள் அரசு செவிலியராக வேலை பார்த்தவள் நான். தென் மாவட்ட மருத்துவமனை ஒன்றில் கடைசி ஆறு ஆண்டுகள் செவிலியர் கண்காணிப்பாளராக இருந்து, 2023-இல் ஓய்வுபெற்றேன். அந்தச் சான்றுக்கான படிவங்களை என் கையால் நிரப்பியிருக்கிறேன். அவற்றில் ஒன்றில் நான் போட்ட மதிப்பெண் பொய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என்.க்யூ.ஏ.எஸ். எனப்படும் தேசியத் தர உறுதி நெறிகளை மத்திய சுகாதாரத் துறை 2013-இல் கொண்டுவந்தது. வெளியூர் மதிப்பீட்டாளர்கள் வருவது கடைசிக் கட்டம். அதற்கு முன்பு மருத்துவமனை தன்னைத் தானே சோதித்துக்கொள்ள வேண்டும். அவசர சிகிச்சைப் பிரிவு, பிரசவ அறை, ஆபரேஷன் தியேட்டர், ரத்த வங்கி, மருந்தகம் தொடங்கிப் பிணவறை வரை ஒவ்வொன்றுக்கும் தனிப் படிவம் உண்டு. கேட்டது முழுமையாக இருந்தால் 2, அரைகுறை என்றால் 1, இல்லையென்றால் 0. எப்படிச் சோதிக்க வேண்டும் என்பதும் பக்கத்திலேயே குறித்திருக்கும்: கண்ணால் பார், ஊழியரைக் கேள், பதிவேட்டைப் பார், நோயாளியைக் கேள். நல்ல படிவம் அது. வார்டில் நின்று வேலை பார்த்தவர்கள் சொல்லிக் கேட்டு எழுதியது என்பது வரிக்கு வரி தெரியும்.

2016-இல் நான் ஆண்கள் மெடிக்கல் வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். தரக் குழுவிலும் என்னைச் சேர்த்திருந்தார்கள். எங்கள் வார்டுக்கு மதிப்பெண் போடும் பொறுப்பு என்னிடமே வந்தது. அவசர மருந்து ட்ரே சரியாக இருக்கிறதா என்று ஒரு கேள்வி. பதிவேட்டைப் புரட்டினேன். காலை, மாலை, இரவு என்று மூன்று டூட்டிக்கும் ஒரு நாள் விடாமல் கையெழுத்து இருந்தது. 2 போட்டேன். ட்ரே எனக்கு இரண்டடி தூரத்தில் இருந்தது. மூடியிருந்த பச்சைத் துணியை நான் விலக்கிப் பார்க்கவில்லை.

ஒன்பது நாள் கழித்து எனக்கு இரவு டூட்டி. மூச்சுத் திணறலோடு சேர்ந்திருந்த, ஐம்பது வயதைக் கடந்த ஒருவருக்கு விடியற்காலை மூன்று மணி வாக்கில் மூச்சு நின்றுபோகும் நிலை. இளம் டாக்டர் ஓடிவந்தார். தொண்டைக்குள் விளக்குப் பிடித்து மூச்சுக்குழாயைப் பார்க்கும் லாரிங்கோஸ்கோப்பை ட்ரேயிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். விளக்கு எரியவில்லை. கைப்பிடியை உள்ளங்கையில் தட்டிப் பார்த்தார். திருகிக் கழற்றினார். உள்ளே இருந்த பேட்டரி செல்லின் நுனியில் உப்புப் பூத்ததுபோல வெள்ளையாகப் படிந்திருந்தது. அது அன்றைக்குக் கெட்டதல்ல. வாரக்கணக்கில் அப்படியே கிடந்திருக்கிறது. நாங்களும் வாரக்கணக்கில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். என் கையெழுத்தும் அதில் உண்டு.

கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையை நான் அமுக்கிக்கொண்டே இருந்தேன். மருத்துவமனைப் பணியாளர் பிரசவ அறைக்கு ஓடி வேறொரு கருவியைக் கொண்டுவந்தார். எவ்வளவு நேரமாயிற்று என்று யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. அந்த மனிதரின் மகன் கட்டிலின் கால்மாட்டில் நின்றபடி எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் ஓடுகிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார் போலும். அந்த எண்ணம்தான் என்னை இன்றுவரை உறுத்துகிறது.

நோயாளி பிழைத்துவிட்டார். பிழைத்ததால் யாரும் எங்களை எதுவும் கேட்கவில்லை. மறுநாள் பன்னிரண்டு ரூபாய்க்கோ பதினைந்து ரூபாய்க்கோ இரண்டு செல் வாங்கிப் போட்டேன். விஷயம் அத்தோடு முடிந்தது. நூலிழையில் தப்பிய தவறுகளை எழுதுவதற்கென்றே ஒரு பதிவேடு எங்களிடம் இருந்தது. அதில் மாதந்தோறும் 'இல்லை' என்றுதான் எழுதிவந்தோம். அந்த மாதமும் 'இல்லை' என்றே எழுதினோம்.

ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். எழுதினால் முதலில் மெமோ வரும், அதன் பின் விளக்கம் கேட்பார்கள். கொஞ்சம் பெரிதாகிவிட்டால் 17(பி), அதாவது கடும் தண்டனைக்கான ஒழுங்கு நடவடிக்கை. அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு இந்த எண்ணும் எழுத்தும் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. பதவி உயர்வும் ஓய்வுக்காலப் பணமும் அதில் சிக்கி நின்றுபோன சகோதரிகளை எனக்குத் தெரியும். செல் தீர்ந்திருந்ததை நானாக எழுதிக் கொடுத்து நானே ஏன் தண்டனை வாங்க வேண்டும்? நாற்பது கட்டில் உள்ள வார்டில் இரவு முழுவதும் ஒற்றை ஆளாக நிற்கும் செவிலியரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். அவர் பதில் சொல்லமாட்டார். பதிவேட்டில் கையெழுத்து மட்டும் சரியாக இருக்கும்.

பணமும் இதில் இருக்கிறது. தரச்சான்றுக்கு 70 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். சான்று பெற்ற மாவட்ட மருத்துவமனைக்குக் கட்டில் ஒன்றுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. 300 கட்டில் என்றால் ஆண்டுக்கு 30 லட்சம். அந்தப் பணத்தில் நல்ல காரியங்கள் நடப்பதை நான் பார்த்திருக்கிறேன், குறை சொல்லமாட்டேன். ஆனால் மாவட்டக் கூட்டத்தில் திரையில் போடும் பட்டியலில் 90-க்கு மேல் இருக்கும் மருத்துவமனைக்குப் பாராட்டு, 60-இல் இருப்பதற்குத் திட்டு என்றால், வார்டில் பேனா பிடித்திருக்கும் கை எந்தப் பக்கம் சாயும்?

2021 ஜனவரி 9 அன்று மகாராஷ்டிரத்தில் பண்டாரா மாவட்ட மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் தீப்பிடித்துப் பத்துக் குழந்தைகள் இறந்தன. அதன் பிறகு எங்களுக்கும் தீப் பாதுகாப்புப் படிவம் வந்தது. அப்போது நான் கண்காணிப்பாளர். அவசர வழி உள்ளதா என்ற கேள்விக்கு 'உண்டு' என்று நிரப்பி என் மேசைக்கு வந்துவிட்டது. எனக்கு அந்தப் பச்சைத் துணி நினைவுக்கு வந்தது. எழுந்து போய்ப் பார்த்தேன். கதவு இருந்தது. குறுக்கே ஒரு பழைய பெஞ்சும் இரண்டு உடைந்த டிரிப் ஸ்டாண்டும் கிடந்தன. கதவில் பூட்டு. சாவி, டூட்டி முடித்து வீட்டுக்குப் போயிருந்த ஒருவரின் சட்டைப்பையில். அவர் வீடு பதினோரு கிலோமீட்டர் தள்ளி. 2024 நவம்பரில் ஜான்சி மருத்துவக் கல்லூரியின் குழந்தைப் பிரிவில் தீப்பிடித்த செய்தியை ஓய்வுபெற்றபின் வீட்டில் உட்கார்ந்து படித்தபோதும் எனக்கு அந்தச் சாவிதான் கண்முன் வந்தது.

அன்றைக்கே படிவத்தில் 'உண்டு' என்பதை அடித்து 0 போட்டேன். அடுத்த மாதம் முதல் முறையையே மாற்றினோம். தன் வார்டுக்குத் தானே மதிப்பெண் போடக் கூடாது. பிரசவ அறைச் செவிலியர் மெடிக்கல் வார்டுக்குப் போவார், மெடிக்கல் வார்டுச் செவிலியர் தியேட்டருக்குப் போவார். கையெழுத்தைப் பார்த்து மதிப்பெண் கிடையாது. லாரிங்கோஸ்கோப்பை எரியவைத்துக் காட்ட வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டரைத் திறக்கும் சாவி எங்கே என்று கேட்டால் அந்த இடத்திலேயே எடுத்துத் திறக்க வேண்டும். தவறிப்போய் ஊசியில் நேரடியாக ஏற்றினால் உயிரைப் பறிக்கக்கூடிய பொட்டாசியம் குளோரைடு மற்ற மருந்துகளோடு கலக்காமல் தனியே பூட்டி வைத்திருக்கிறதா என்று அலமாரியைத் திறந்து பார்க்க வேண்டும். 91 இருந்த எங்கள் மதிப்பெண் 63-க்கு இறங்கியது.

மாவட்டக் கூட்டத்தில் என்ன நடந்தது என்பதை விரிவாக எழுத மனம் வரவில்லை. எங்கள் தலைமை மருத்துவர் எழுந்து, "முன்பு எழுதியதுதான் தவறு, இதுதான் உண்மை" என்று சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரை வாழ்நாள் முழுக்க மதிப்பேன்.

இரண்டு வாரம் கழித்து எங்கள் பதிவேட்டில் முதல் பதிவு விழுந்தது. எழுதியது பணியில் சேர்ந்து எட்டு மாதமே ஆன ஒரு பெண். பெண்கள் வார்டில் ஒரே நேரத்தில் இரண்டு மாரியம்மாள்கள் இருந்தார்கள், 14-ஆம் கட்டிலிலும் 17-ஆம் கட்டிலிலும். எங்கள் பக்கத்தில் இது அதிசயமே இல்லை. ஒருவருக்கான இன்சுலினை எடுத்துக்கொண்டு மற்றவரிடம் போய்விட்டார் அந்தப் பெண். ஊசி போடும் முன் வழக்கம்போல, "மாரியம்மாள்தானே?" என்று கேட்டார். "ஆமாம்" என்றார் அந்த அம்மாள். கணவர் பெயரையும் கேட்டதில்தான் தவறு தெரிந்து கையை இழுத்துக்கொண்டார். நடந்ததை அப்படியே நான்கு வரியில் எழுதி என்னிடம் கொண்டுவந்தபோது அவர் விரல்கள் நடுங்கின. மூத்த செவிலியர்கள் இருவர், "இவளுக்கு மெமோ கொடுத்தால்தான் மற்றவர்களுக்குப் பயம் வரும்" என்றார்கள். நான் கொடுக்கவில்லை. ஒரே பெயரில் இருவர் சேர்ந்தால் இருவர் கேஸ் ஷீட்டிலும் சிவப்புத் தாள் ஒட்டுவது அன்று மாலையே வழக்கமானது. அதற்கு ஒரு பைசா செலவில்லை. அந்தப் பெண் பயந்து மறைத்திருந்தால் அந்தச் சிவப்புத் தாள் வந்திருக்காது.

நோயாளியைக் கேட்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எதற்காக இந்த மாத்திரை என்று உங்களுக்குச் சொன்னார்களா என்று ஒரு பாட்டியைக் கேட்டேன். எல்லோரும் தங்கமான பிள்ளைகள் தாயி என்றார். மீண்டும் கேட்டேன். அதே பதில். நர்ஸ் அப்பால் போனபிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் சொல்லவில்லை, நான் சொன்னதாகச் சொல்லிவிடாதே என்றார். வெள்ளுடை உடுத்திய ஒருத்தி கேட்டால் நம் மக்கள் குறை சொல்லமாட்டார்கள். இந்தக் கேள்விகளைக் கேட்க, அந்த மருத்துவமனையில் வேலை செய்யாத ஆட்கள் வேண்டும். சுயஉதவிக் குழுப் பெண்கள் போதும், ஒரு நாள் பயிற்சி கொடுத்தால் அருமையாகக் கேட்பார்கள்.

செப்டம்பர் 17-ஐ உலக நோயாளி பாதுகாப்பு நாளாக உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவித்தது. அன்று உறுதிமொழி எடுக்கிறோம், கோலம் போடுகிறோம், கட்டடத்துக்கு ஆரஞ்சு விளக்குப் போடுகிறோம். அதே நாளில் மருத்துவத் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பட்டும்: தன் பிரிவின் குறையைத் தானே எழுதிக் கொடுக்கும் ஊழியர் மீது அந்தப் பதிவை வைத்து ஒழுங்கு நடவடிக்கை கிடையாது என்று. குடித்துவிட்டு வந்தவரையும், வேண்டுமென்றே நோயாளியைக் கைவிட்டவரையும் காப்பாற்றச் சொல்லவில்லை. செல் தீர்ந்திருந்தது, கதவு பூட்டியிருந்தது, பெயர் மாறிப்போனது, இரவில் ஆள் போதவில்லை என்று எழுதுபவர்களைச் சொல்கிறேன். உள் மதிப்பீட்டின் மதிப்பெண்ணை ஓ.பி. வாசலில் தமிழில் எழுதி ஒட்டட்டும், 63 என்றால் 63 என்றே. சரிசெய்ய எத்தனை நாளாகும் என்பதையும் பக்கத்திலேயே எழுதட்டும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள், ஐயா. அடுத்த முறை தரச்சான்று வாங்கிய மருத்துவமனைக்கு உங்கள் நிருபர் போகும்போது, பூந்தொட்டிகளையும் வண்ணச் சுவரையும் படம் எடுத்த பிறகு, நூலிழையில் தப்பிய தவறுகளுக்கான பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் கடந்த ஆறு மாதத்தில் எத்தனை பதிவு என்று எண்ணிச் செய்தியில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர்,
மதுரை.