கார் ஷோரூமின் விலைத்தாள் முன்பணத்துக்கு முன்பே வாங்குபவர் கைக்கு வர வேண்டும்

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் மதிப்புக்குரிய தலைமை ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். நான் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். இருபத்திரண்டு ஆண்டுச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தோடு வங்கிக் கடனும் சேர்த்து, 2025ஆம் ஆண்டு ஆயுத பூஜையன்று என் வாழ்க்கையின் முதல் காரை வாங்கினேன். கார் நன்றாக ஓடுகிறது. அதைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. அதை வாங்குவதற்காக ஷோரூமுக்கு நடந்த பத்து நாட்களில் நான் பட்டதும், என் சக ஆசிரியர்கள் வேறு வேறு கம்பெனிக் கார்களை வாங்கும்போது பட்டதும் ஒன்றுபோலவே இருப்பதால், இதை ஒரு கடையின் தவறாகப் பார்க்காமல் இந்தத் தொழிலில் ஊறிப்போன வழக்கமாகப் பார்த்து உங்களுக்கு எழுதுகிறேன். அந்த ஷோரூமின் பெயரை இங்கே குறிப்பிடாததற்கும் அதுவே காரணம்.

செப்டம்பர் 22 அன்று சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது. நான்கு மீட்டர் நீளத்துக்கும் 1200 சிசி பெட்ரோல் இன்ஜினுக்கும் மிகாத கார்களுக்கு அந்தச் சலுகை என்பதால், நான் மனத்தில் குறித்து வைத்திருந்த கார் அதற்குள் வந்தது. அந்த வாரமே தம்பியை அழைத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போனேன். பணம் என்னுடையது, ஓட்டப் போகிறவளும் நான். ஆனாலும் விற்பனை இளைஞர் மைலேஜையும் மாதத் தவணையையும் தம்பியைப் பார்த்தே விளக்கினார். என்ன நிறம் வேண்டும் என்பதை மட்டும் என்னிடம் கேட்டார். மறுநாள் நான் தனியாகப் போனபோது, "சார் வரலையா மேடம்? சாரையும் கூட்டிட்டு வந்தீங்கன்னா இன்னைக்கே முடிச்சிடலாம்" என்றார்கள். சொந்தச் சம்பாத்தியத்தில் கார் வாங்கிய தோழிகள் நான்கு பேரிடம் கேட்டேன். நான்கு பேருக்கும் இதே அனுபவம் இருந்தது.

முதல் நாளே அந்த இளைஞர் ஒரு விளம்பரக் கையேட்டின் பின்பக்கத்தில் பேனாவால் கணக்குப் போட்டுக் காட்டினார். சாலை வரியும் காப்பீடும் சேராத எக்ஸ் ஷோரூம் விலை 9,10,000. அதன் கீழே 'ஆர்டிஓ' என்று ஒரு தொகை, 'இன்சூரன்ஸ்' என்று ஒரு தொகை, 'கிட்' என்று ஒரு தொகை, எக்ஸ்டென்டட் வாரன்டி, எல்லாவற்றுக்கும் கடைசியில் என்னால் படிக்க முடியாத ஒரு சுருக்கெழுத்து. கூட்டி, வட்டமிட்டு, "ஆன் ரோடு இதுதான் மேடம், ஆஃபர்ல பதினஞ்சாயிரம் குறைஞ்சிடும்" என்றார். அந்தச் சுருக்கம் என்ன என்று கேட்டதற்கு "ஹேண்ட்லிங்" என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. தாளைக் கொடுங்கள், வீட்டில் காட்ட வேண்டும் என்றேன். கொட்டேஷனை வெளியே விட்டால் மேனேஜர் திட்டுவார் என்று சொல்லி, அதை நான்காக மடித்துத் தன் டயரிக்குள் வைத்துக்கொண்டார். படம் எடுத்துக்கொள்கிறேன் என்றதற்கும் சம்மதிக்கவில்லை. வரியும் காப்பீடும் சேர்ந்து பதினொரு லட்சத்தை நெருங்கும் ஒரு பொருளின் விலை விற்பவருடைய டயரிக்குள் இருந்தது. வாங்குபவளான நான் அந்தத் தொகைகளை மனப்பாடம் செய்துகொண்டு, பேருந்தில் வரும்போதே ஒரு பழைய கவரின் மேல் எழுதி வைத்தேன். கடையில் ஒரு சோப்புக் கட்டி வாங்கினாலும் அதன் மேல் விலை அச்சிட்டிருக்கிறது.

அந்தத் தாளில் 'இன்சூரன்ஸ்' என்று இருந்த தொகை 47,500. 1000 சிசிக்கு மேல் 1500 சிசி வரையுள்ள புதிய தனியார் காருக்கு மூன்றாண்டு மூன்றாம் தரப்புக் காப்பீட்டின் அடிப்படைக் கட்டணம் 10,640 ரூபாய் என்று 2022 ஜூன் முதல் அரசே நிர்ணயித்திருக்கிறது. எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் அது மாறாது. விலை ஏறுவதும் இறங்குவதும் சொந்தச் சேதத்துக்கான ஓராண்டுப் பகுதியிலும், அதன் மேல் சேர்க்கும் ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் தரும் இழப்பீடு), இன்ஜின் பாதுகாப்பு, சாவி தொலைந்தால் இழப்பீடு போன்றவற்றிலும்தான். அதே சேர்க்கைகளோடு நான் வெளியே விசாரித்த விலை 33,200. வண்டி ஓட்டும் உரிமையாளருக்குக் கட்டாயமான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு என்னிடம் ஏற்கெனவே இருந்தது. அப்படி இருப்பவர் மறுபடி அதற்குப் பணம் கட்டத் தேவையில்லை என்பதை ஷோரூமில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. இரண்டு விலைகளுக்கும் இடையே வித்தியாசம் 14,300 ரூபாய்.

இதைச் சொன்னதும் இளைஞர் எழுந்து போய் டீம் லீடரை அழைத்து வந்தார். டீம் லீடர் மேனேஜரை அழைத்து வந்தார். மூன்று பேரும் மேசையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் பேசினார்கள். வெளி இன்சூரன்ஸுக்கு எங்கள் சர்வீஸ் சென்டரில் கேஷ்லெஸ், அதாவது பழுதுச் செலவைக் காப்பீட்டுக் கம்பெனியே நேரடியாகக் கட்டும் வசதி, கிடைக்காது என்றார் ஒருவர். நான் பார்த்து வைத்திருந்த காப்பீட்டுக் கம்பெனியின் பட்டியலில் அதே சர்வீஸ் சென்டர் அதே முகவரியோடு இருப்பதைக் கைப்பேசியில் எடுத்துக் காட்டினேன். அப்படியானால் பதிவு தாமதமாகும் என்றார் இன்னொருவர். "வயசான அம்மாவை வெச்சு ஓட்டப் போறீங்க, பாதுகாப்புல போய்க் காசு பாக்கலாமா மேடம்?" என்று மேனேஜர் கேட்டபோது, பக்கத்து மேசையில் இருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இவை எதற்கும் நான் மசியவில்லை என்றான பிறகுதான் உண்மையான நிபந்தனை வெளியே வந்தது. இன்சூரன்ஸை வெளியே எடுத்தால் பதினைந்தாயிரம் தள்ளுபடி கிடையாது. 14,300 ரூபாயை மிச்சம் பிடிக்கப் பார்த்தால் 15,000 ரூபாய் போய்விடும்படி கணக்கு அமைந்திருந்தது. நான் அவர்களிடமே எடுத்தேன்.

அக்டோபர் 1 அன்று டெலிவரி. எங்கள் பக்கம் வண்டி எடுப்பவர்கள் நாளும் நேரமும் பார்ப்பார்கள் என்பதும், குறித்த நேரம் தவறுவதை வீட்டுப் பெரியவர்கள் பொறுக்கமாட்டார்கள் என்பதும் ஷோரூமில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஒன்பதே காலிலிருந்து பத்தே காலுக்குள் எடுத்துவிட வேண்டும் என்று அம்மா நாட்காட்டியைப் பார்த்துக் குறித்திருந்தார். நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம், கற்பூரம், பூச்சரம் எல்லாம் வைத்த தட்டோடு அவர் துணி போர்த்திய காரின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது, என்னைக் கேஷ் கவுன்டருக்குக் கூப்பிட்டு இறுதி பில்லை நீட்டினார்கள். நான் வேண்டாம் என்று சொல்லியிருந்த டெஃப்லான் கோட்டிங்கும் சீட் கவரும் அதில் இருந்தன. வண்டியில் போட்டாயிற்று, இனி எடுக்க முடியாது என்றார்கள். ஹேண்ட்லிங் 7,500. எல்லாமாகச் சேர்ந்து இன்னும் 21,900 ரூபாய் கட்டினால்தான் கேட் பாஸ் கிடைக்கும். பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்மா, நேரமாகிறது என்று மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினார். நான் கார்டைக் கொடுத்துவிட்டு, பில்லில் எந்தத் தொகையையும் சரிபார்க்காமல் கையெழுத்திட்டேன்.

பிறகு ஆர்சி, அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழ், வந்தபோது இரண்டு விஷயங்கள் தெரிந்தன. தமிழ்நாட்டில் ஐந்து முதல் பத்து லட்ச ரூபாய் வரையுள்ள காருக்கு வாழ்நாள் வரி 13 சதவீதம். என் காருக்கு 1,18,300 ரூபாய். அதோடு பதிவுக் கட்டணம் 600, கடனைப் பதிவதற்கு 1,500, இன்னும் சில சிறு கட்டணங்கள். ரசீதுகளில் இருந்த எல்லாவற்றையும் கூட்டினாலும், 'ஆர்டிஓ' என்ற ஒற்றைச் சொல்லின் கீழ் என்னிடம் வாங்கிய தொகையைவிட 6,800 ரூபாய் குறைவாகவே வந்தது. இரண்டாவது, ஆர்சியில் இருந்த உற்பத்தி மாதம். "இந்தக் கலர்ல ரெண்டே வண்டிதான் இருக்கு, சாயங்காலத்துக்குள்ள அட்வான்ஸ் போடலைன்னா கைவிட்டுப் போயிடும்" என்று என்னை அவசரப்படுத்திய அந்தக் கார் மே மாதம் தயாரானது. நான்கு மாதம் ஏதோ ஒரு யார்டில் வாங்க ஆளில்லாமல் நின்றிருக்கிறது.

இவற்றை உங்களிடம் கொண்டுவருவதற்குக் காரணம், இவற்றுக்கு ஏற்கெனவே பெயர் வைத்து விதி எழுதியது உங்கள் ஆணையமே என்பதுதான். 2023 நவம்பர் 30 அன்று நீங்கள் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் நுகர்வோரை ஏமாற்றும் 13 உத்திகள் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. பொருள் தீரப்போகிறது என்று பொய்யான அவசரம் உண்டாக்குவது ஒன்று. கேட்காத பொருளைக் கூடையில் நுழைத்துவிடுவது ஒன்று. மறுப்பவரைக் கூச வைத்துச் சம்மதிக்கச் செய்வது ஒன்று. கடைசியாகச் சொன்னதற்கு நீங்கள் தந்திருக்கும் உதாரணமே காப்பீட்டைப் பற்றியது: விமானச் சீட்டு எடுப்பவர் காப்பீடு வேண்டாம் என்றால், 'பாதுகாப்பில்லாமலே இருந்துகொள்கிறேன்' என்று சொல்ல வைக்கும் தளம். அதைப் படித்தபோது மேனேஜரின் குரல்தான் என் காதில் கேட்டது. ஆனால் அந்த வழிகாட்டுதல்கள் இணையத் தளங்களுக்கானவை. இணையத்தில் பிடிக்காவிட்டால் பக்கத்தை மூடிவிட்டுப் போகலாம். எதிரே உட்கார்ந்து காபி வரவழைத்துக் கொடுத்துவிட்டு மூன்று பேர் பேசும்போது எழுந்து போவது அத்தனை எளிதாக இல்லை. முன்பணம் கட்டி, கடனும் பாஸாகி, நாளும் குறித்த பிறகு அது முடியாத காரியமாகவே ஆகிவிடுகிறது.

ஒன்றை வாங்க வேண்டுமானால் இன்னொன்றையும் வாங்கியாக வேண்டும் என்று நிபந்தனை விதிப்பதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்தும் வணிக முறை என்று வரையறுக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களும் எந்தக் கம்பெனியில் எடுப்பது என்பதை வாங்குபவரின் விருப்பத்துக்கே விட்டிருக்கின்றன. ஆனால் ஷோரூம்கள் இதற்கு ஒரு சந்து கண்டுபிடித்து வைத்திருக்கின்றன. காரைத் தரமாட்டோம் என்று யாரும் சொல்வதில்லை. தள்ளுபடியைத் தரமாட்டோம் என்றுதான் சொல்கிறார்கள். இது நிபந்தனையா, வெறும் சலுகையா என்ற குழப்பத்தைத் தீர்க்கும் அதிகாரம் உங்களிடம்தான் இருக்கிறது. உணவகங்கள் பில்லில் தாமாகவே சேவைக் கட்டணம் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையில் நீங்கள் வழிகாட்டுதல் வெளியிட்டீர்கள். 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. நூறு ரூபாய்ச் சாப்பாட்டில் சேரும் பத்து ரூபாய்க்காகச் செய்ததை, கார் பில்லில் சேரும் 7,500 ரூபாய்க்காகவும் செய்ய வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

அந்த விற்பனை இளைஞரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டெலிவரி முடிந்து நான் கிளம்பும்போது அவர் தயங்கித் தயங்கி, "இன்சூரன்ஸ் உள்ள போடலைன்னா இந்த வண்டிக்கு எனக்கு இன்சென்டிவே கிடையாது மேடம், மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். அவருக்கு என் பழைய மாணவர்களின் வயதுதான் இருக்கும். என்னை நெருக்கிய அவர் மேலிருந்து நெருக்கப்படுகிறார். அவருடைய ஷோரூமும் கார் தயாரிப்பாளரால் நெருக்கப்படுகிறது. தொழிற்சாலையிலிருந்து கிளம்பும் வண்டிகள் ஷோரூமின் தலையில் பில் போடப்பட்டு வந்து நிற்கின்றன. 2024 பண்டிகைக் காலத்தில் விற்காத கார்களின் இருப்பு 80 நாட்களைத் தாண்டிவிட்டது என்றும், 21 நாள் இருப்பே தாங்கும் என்றும் கார் விற்பனையாளர்களின் அகில இந்தியக் கூட்டமைப்பே வெளிப்படையாகச் சொன்னது. வண்டியின் மேல் கிடைக்கும் லாபம் வட்டியில் கரையும்போது, அந்த நஷ்டத்தைக் காப்பீட்டிலும் கோட்டிங்கிலும் ஹேண்ட்லிங்கிலும் ஈடுகட்டப் பார்க்கிறார்கள். ஆகவே ஷோரூமை மட்டும் தண்டித்தால் போதாது. எந்தக் கம்பெனியின் பெயர்ப்பலகையின் கீழ் இது நடக்கிறதோ அந்தக் கம்பெனியையும் பொறுப்பாக்குவதுதான் நியாயம்.

விலை பேசி வாங்குவது வாங்குபவரின் சாமர்த்தியம், இதில் அரசுக்கு என்ன வேலை என்று என் உறவினர் ஒருவர் கேட்டார். பேரம் பேசுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. விலையே எழுத்தில் கிடைக்காத இடத்தில் எதை வைத்துப் பேரம் பேசுவது? தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் சொல்லலாம். ஆனால் புகாருக்கு ஆவணம் வேண்டும். என்னிடம் இருக்கும் ஆவணம் நானே கையெழுத்திட்ட இறுதி பில். முதல் நாள் எழுதிய தாள் அந்த டயரிக்குள் போய்விட்டது.

ஆகவே நான் கேட்பது ஒரு தாள்தான். ஒரு ரூபாய் முன்பணம் வாங்குவதற்கு முன்பே, ஷோரூமின் முத்திரையும் கையொப்பமும் கொண்ட அச்சிட்ட விலைத்தாள் வாங்குபவர் கையில் தரப்பட வேண்டும். சட்டப்படி கட்டாயமானவை எவை, விருப்பத்துக்கு உரியவை எவை என்பது ஒவ்வொரு தொகைக்கும் எதிரே அதில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். சாலை வரியும் பதிவுக் கட்டணமும் தனித்தனியாக, அரசு வாங்கும் அதே தொகையாக இருக்க வேண்டும். காரின் உற்பத்தி மாதம் அதிலேயே இருக்க வேண்டும். தள்ளுபடி காப்பீட்டோடு முடிச்சுப் போடப்படக் கூடாது. அந்தத் தாளில் இல்லாத எதையும் டெலிவரி அன்று கேட்கக் கூடாது. அந்தந்த மாநில மொழியில் அது அமைய வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்கிறேன், ஏனென்றால் என் அம்மாவுக்கும் அதைப் படிக்கும் உரிமை இருக்கிறது.

என் இறுதி பில், வரி ரசீதுகள், ஆர்சி, நான் வெளியே வாங்கிய காப்பீட்டு விலைப்பட்டியல், பேருந்தில் அந்தத் தொகைகளை எழுதி வைத்த கவர் ஆகியவற்றின் நகல்களை ஆணையத்துக்கு அனுப்பும் பிரதியோடு இணைத்திருக்கிறேன். விசாரணைக்கு அழைத்தால் விடுப்பு எடுத்துக்கொண்டு எங்கும் வரத் தயாராக இருக்கிறேன். அடுத்த ஆயுத பூஜைக்குள் இதற்கு ஒரு வழிகாட்டுதல் வெளியிட வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து
ஒரு கணக்கு ஆசிரியை