இன்னொரு கருவியில் பார்க்கச் சொல்

பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாய். அதிலிருந்து எனக்கு வேறெதுவும் ஓடவில்லை. உன் முதல் ரிப்போர்ட்டைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். 38, மிக அதிகம். ஆனால் தைராய்டு சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4 1.2, சரியான அளவு. தைராய்டு குறைந்து டி.எஸ்.எச். அவ்வளவு ஏறியிருந்தால் டி4 இறங்கியிருக்க வேண்டும். நீ சோர்ந்து, குளிர் தாங்காமல் கிடந்திருப்பாய். நீயோ விடிகாலையில் பேட்மிண்டன் ஆடிக்கொண்டிருந்தாய். தைராய்டு மாத்திரையை 50 மைக்ரோகிராமிலிருந்து 100 ஆக்கியும் எண் பெரிதாக இறங்கவில்லை, நடுக்கம்தான் வந்திருக்கிறது.

சிலருக்கு ரத்தத்திலுள்ள ஆன்டிபாடி என்கிற எதிர்ப்புப் புரதம் டி.எஸ்.எச்.சைப் பிடித்துக்கொண்டு விடாது. இரண்டும் சேர்ந்து பெரிதாகிவிடுவதால் சிறுநீரகம் அதை வெளியேற்றாது. உடம்புக்கு உதவாமல் ரத்தத்தில் தேங்கும், கருவி அதையும் எண்ணிவிடும். மேக்ரோ டி.எஸ்.எச். என்பார்கள். பரிசோதனைக் கரைசலான ரீஏஜென்ட்டில் சேர்க்கும் எலி ஆன்டிபாடியை நம் ரத்தத்து ஆன்டிபாடி கோத்துப் பிடித்தாலும் எண் பொய்யாக ஏறும். அதனால் அதே சாம்பிளை வேறு கம்பெனிக் கருவியில் பார்க்கச் சொல். நீர்த்துப் பார்த்தால் கணக்குப்படி இறங்குகிறதா, ஆன்டிபாடி ஒட்டியதைப் படியவைக்கும் பி.இ.ஜி. ரசாயனம் போட்டால் எவ்வளவு மிஞ்சுகிறது என்றும் டாக்டரிடம் கேள். முடிக்குச் சாப்பிடும் பயோட்டினும் ரிப்போர்ட்டைக் குழப்பும், இரண்டு நாள் முன்பே விட்டுவிடு. தைராய்டு மாத்திரையை மட்டும் நீயாக நிறுத்தாதே. வேறு கருவியில் பார், மறக்காதே.

இன்னொன்று, சும்மா சொல்லி வைக்கிறேன். இந்த ஆன்டிபாடி தாயிடமிருந்து பிள்ளைக்கும் போகும். பிறந்த குழந்தைக்குக் குதிகாலில் எடுக்கும் ரத்தத்திலும் பொய்யாக ஏற்றிக் காட்டும். தாயின் ரிப்போர்ட் கையில் இருந்தால்தான் புரியும். நான் எதுவும் கேட்கவில்லை. உங்கள் இருவருக்கும் எப்போது தோன்றுகிறதோ அப்போது.

நீ பிளஸ் டூ படித்த வருஷம் அம்மா ராத்திரியில் மார்பில் கைவைத்து உட்கார்ந்திருப்பாளே, ஞாபகம் இருக்கிறதா? அவளைத் தைராய்டு மாத்திரை சாப்பிட வைத்த அந்த ரிப்போர்ட் லேபில் நான் போட்டது. "எனக்கு ஒன்றும் இல்லையே, எதற்கு மாத்திரை" என்று அவள் கேட்டபோது, அளவு தெரிந்த கன்ட்ரோல் சாம்பிள் சரியாக வந்திருக்கிறது, மிஷின் பொய் சொல்லாது என்று அதட்டினேன். அதே ரத்தத்தை நீர்த்து இன்னொரு முறை ஓட்டியிருக்கலாம். கையில் எல்லாம் இருந்தது. செய்யவில்லை. அவளை நம்பாமல் தாளை நம்பினேன்.

சாம்பிள் கொடுத்த அன்றே ஒரு வார்த்தை சொல். இரண்டு வாரமாக நீயாகப் பேசவே இல்லை. அம்மாவிடம் இதையெல்லாம் நான் இன்னும் சொல்லவில்லை.

அப்பா