பக்கத்து இருக்கைக்காரர்

அன்பு முரளி,

கடிதம் கிடைத்தது. ஒருவழியாக விமானம் ஓட்ட லைசென்ஸ் வாங்கிவிட்டாய், வாழ்த்துகள். இங்கே எல்லாரும் நலம். மகளுக்கு மாற்றலாகிவிட்டதால் வீடு வெறிச்சென்று இருக்கிறது.

"என் உயிர், என் காசு, நடுவில் அரசாங்கம் எதற்கு?" என்று கேட்டிருக்கிறாய். தனியாகப் பறப்பவன் கேட்டால் அதில் நியாயம் உண்டு. நீ பறக்கிற அமெரிக்காவிலேயே அதற்கு வழி விட்டிருக்கிறார்களே! 1982-இல் வந்த அல்ட்ராலைட் (மிக இலகுவான குட்டி விமானம்) விதிப்படி 254 பவுண்டுக்குக் குறைந்த வெற்று எடை, அதிகபட்சம் 5 கேலன் பெட்ரோல், ஒரே ஆள் என்றால் லைசென்ஸும் வேண்டாம், மருத்துவச் சான்றும் வேண்டாம். பகலில் பற, ஜன நெரிசலுக்கு மேலே போகாதே. மற்றபடி உன் பாடு.

இன்னொருவர் ஏறி உட்கார்ந்தால் கணக்கே வேறு. கடைசி 90 நாளில் மூன்று முறை விமானத்தை மேலே ஏற்றி இறக்கியிருக்காவிட்டால், நீ தனியாகப் போகலாம், யாரையும் கூட்டிப் போகக் கூடாது. இதைத்தான் நீ தொல்லை என்கிறாய். எனக்கோ இருப்பதிலேயே பிடித்த விதி இதுதான். பக்கத்தில் ஏறி உட்காரும் உன் மைத்துனர் எதை வைத்து உன் கைத்திறனை எடைபோடுவார்? நீ போட்டிருக்கும் கறுப்புக் கண்ணாடியை வைத்தா?

1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் பார்த்து விமானம் ஓட்டிப் பழகாத 20 பேரை, வெளியே எதுவும் தெரியாத நிலையில் ஓட்டச் சொன்னார்கள். ஒருவர் விடாமல் கட்டுப்பாட்டை இழந்தார்கள், சராசரியாக 178 நொடியில். 1999-இல் அமெரிக்க அதிபராக இருந்த கென்னடியின் மகன் ஜான் கென்னடி ஜூனியர், தானே விமானம் ஓட்டிப் போய், இரவில், மூட்டமான கடலுக்கு மேலே திசை தடுமாறி விழுந்தார். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவதற்கான தகுதி, அதாவது இன்ஸ்ட்ரூமென்ட் ரேட்டிங், அவருக்கு இல்லை, ஆனாலும் இரவில் பறக்க அவருக்கு அனுமதி இருந்தது. கூடப் போன மனைவியும் மனைவியின் அக்காவும் இறந்தார்கள். அந்த இருவருக்கும் மூட்டத்தைப் பற்றி என்ன தெரிந்திருக்கும் என்றுதான் நான் யோசிப்பேன்.

மருத்துவச் சான்றும் வேண்டாம் என்கிறாயே, அந்த விஷயத்தில் மட்டும் நான் உன் கட்சி. பறக்க விடமாட்டார்களோ என்று பயந்து நோயை மறைப்பவர்கள் உண்டு. 2017 முதல் சிறு விமானக்காரர்கள் பலர் சாதாரண டாக்டரிடமே நாலு வருஷத்துக்கு ஒரு தடவை காட்டிக்கொள்ளலாம் என்று தளர்த்தியது நல்லதுதான்.

சரி, இன்ஸ்ட்ரூமென்ட் ரேட்டிங்குக்கு எப்போது சேரப்போகிறாய்? அடுத்த வருஷம் அங்கே வர நினைத்திருக்கிறோம். நான் உன்னோடு ஏறத் தயார், வானம் தெளிவாக இருந்தால். என் வீட்டுக்காரியை நீயே கேட்டுக்கொள்.

அன்புடன்,
ரகு