முதலில் மேசையை அள, மகன்

வெள்ளவத்தை
ஞாயிறு இரவு

அன்பான மகனுக்கு,

போனில் நீ கேட்டதற்கு அரைகுறையாகப் பதில் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா வந்து நின்றதால் வடிவாகக் கதைக்க முடியவில்லை. இது காதால் கேட்டு நினைவில் வைக்கிற விஷயமும் இல்லை. ஆறுதலாக இருந்து வாசி.

"4கே மொனிட்டரும் அதுக்கு ஏத்த கிராபிக்ஸ் கார்டும் எடுத்து அனுப்புங்கோ அம்மா" என்றாய். நீ உழைத்துச் சேர்த்த காசு, ஆசைப்பட்டதை வாங்க உனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் பம்பலப்பிட்டியில் கம்பியூட்டர் கடைக் கவுண்டரில் 11 வருடமாக நிற்கிறேன். வருகிற பிள்ளைகளில் அநேகம் பேர் கார்டின் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். எந்த மொனிட்டர் என்று கேட்டால், "வீட்டில பழசு ஒண்டு இருக்கு" என்பார்கள். அவர்களுக்கு நான் சொல்வதைத்தான் உனக்கும் சொல்லப் போகிறேன். மேசையைப் பார்த்துத் திரையை எடு, திரையைப் பார்த்துக் கார்டை எடு.

ஏன் என்று கணக்கைப் பார். 1080பி திரையில் 1920க்கு 1080, ஏறத்தாழ 20 லட்சத்து 73 ஆயிரம் புள்ளிகள். 1440பி என்றால் 36 லட்சத்து 86 ஆயிரம். 4கே என்றால் 82 லட்சத்து 94 ஆயிரம், 1080பியின் சரியாக நாலு மடங்கு. ஒவ்வொரு பிரேமிலும், அதாவது திரையில் வந்து போகிற ஒவ்வொரு படத்திலும், இத்தனை புள்ளிக்கும் கார்ட் நிறம் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். 60 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 60 தரம் படம் மாற்றுகிற திரைக்கு, ஒரு பிரேமை முடிக்க 16.7 மில்லிசெக்கன் கிடைக்கும். 144 ஹேர்ட்ஸில் 7 மில்லிசெக்கன்கூடக் கிடைக்காது. திரையை வாங்குகிற அன்றைக்கே கார்டின் தலையில் எவ்வளவு சுமை என்று நீ தீர்மானித்துவிடுகிறாய்.

கல்லடி அறையில் உன் மேசை சின்னது. போன மாதம் வந்தபோது பார்த்தேன், திரைக்கும் உன் கண்ணுக்கும் இரண்டு அடிதான் இருக்கும். அந்தத் தூரத்துக்கு 27 அங்குலம் போதும். ஆனால் 27 அங்குலத்தில் 1080பி எடுக்காதே. ஒரு அங்குலத்துக்கு 82 புள்ளிதான் வரும், எழுத்தின் ஓரம் அரித்த மாதிரித் தெரியும். பகல் முழுக்க வீட்டுப் பிளான் கீறுகிற பிள்ளை நீ, கண்ணாடியும் போடுகிறாய். 1440பி என்றால் 109 வரும், எழுத்தும் கோடும் தெளிவு. 4கேயில் 163 வரும், பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அளவில் எழுத்து அவ்வளவு சின்னதாகிவிடுவதால் விண்டோஸில் 150 சதவீதம் பெருப்பித்துத்தான் பாவிக்க வேண்டி வரும். அதற்காகக் கார்டுக்கு இரட்டிப்புச் சிலவு செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

நீ விளையாடுவதையும் யோசித்தேன். வலோரன்ட் பாரமான கேம் இல்லை, இப்போது வருகிற எந்தக் கார்டிலும் பறக்கும். அதற்குத்தான் 144 ஹேர்ட்ஸ் தேவை, எதிராளி மூலையால் வருவது முன்கூட்டியே கண்ணில் படும். எல்டன் ரிங்கைக் கம்பியூட்டரில் 60 பிரேமுக்கு மேல் விடவே மாட்டார்கள். ஆக உன் காசைத் தின்னப் போவது சைபர்பங்க் 2077 மாதிரியான கேம்கள். அதிலும் வழி இருக்கிறது. என்விடியாவின் டிஎல்எஸ்எஸ், ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் இரண்டும் குறைந்த புள்ளியில் படத்தைக் கீறிப் பெருப்பித்துத் தருகின்றன. 1440பியில் குவாலிட்டி என்று வைத்தால் உள்ளே 960பியில்தான் கீறும். இரண்டு அடி தூரத்தில் நீ வித்தியாசம் கண்டுபிடிக்கச் சிரமப்படுவாய். கார்டுக்குச் சுமை நன்றாகக் குறையும். ஒன்றை மட்டும் செய்யாதே. 1440பி திரையை விண்டோஸில் 1080பிக்கு இறக்கி வைத்து விளையாடாதே, புள்ளிகள் சமமாகப் பிரியாமல் எல்லாம் மங்கித் தெரியும்.

இனிக் கார்ட். இதில்தான் உன்னைக் கவனமாக இருக்கச் சொல்கிறேன். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி இரண்டும் 2025இல் வந்தவை. இரண்டிலும் 8 ஜிபி நினைவகத்தோடு ஒன்று, 16 ஜிபியோடு ஒன்று. பெட்டியில் பெயர் ஒன்றுதான், மூலையில் சின்ன எழுத்தில்தான் வித்தியாசம் இருக்கும். 8 ஜிபி கார்டைக் கெட்டது என்று சொல்ல மாட்டேன், 1080பியில் விளையாடுகிறவனுக்கு அது போதும். ஆனால் 1440பியில் டெக்ஸ்சரை, அதாவது சுவர், துணி மாதிரியான மேற்பரப்புப் படங்களின் தரத்தை, உயர்த்தி வைத்தால் நினைவகம் நிரம்பி, மிச்சம் மதர்போர்ட் வழியாக ராமுக்குப் போய் வரும். அப்போது படம் தடுக்கித் தடுக்கி ஓடும். உன் பி450 மதர்போர்டில் அந்தப் பாதை பழைய பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0. அதிலும் 5060 டிஐ பாவிப்பது 8 தடம்தான், 9060 எக்ஸ்டிக்கு 16. எனவே உனக்கு நான் எடுத்து வைக்க நினைப்பது 16 ஜிபி 9060 எக்ஸ்டி. பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் வீட்டை நிஜப் படம் மாதிரி ரெண்டர் செய்கிற எண்ணம் இருந்தால் மட்டும் சொல், அதற்கு என்விடியாதான் திறம்.

உன் ரைசன் 5 3600ஐ இப்போதைக்கு மாற்ற வேண்டாம். 2019இல் வந்த புரொசசர். 1080பியில் வேகமான கார்டைப் போட்டால் அதுதான் முதலில் களைக்கும், கார்ட் சும்மா காத்திருக்கும். 1440பியில் வேலை கார்டின் பக்கம் சாய்கிறது. இந்தத் திரையை நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாவித்த கார்ட் மலிவாக வருகிறது என்றும் சொன்னாய். வேண்டாம் மகன். 2022 உனக்கு நினைவிருக்கும். டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் போனது, கடையில் புதுக் கார்டின் விலையை மட்டையில் எழுதி வைக்கவே எங்களுக்கு மனம் வரவில்லை. அந்த செப்டெம்பரில் ஈதீரியம் என்ற டிஜிட்டல் காசைத் தோண்டுவதற்குக் கிராபிக்ஸ் கார்ட் தேவையில்லை என்று ஆனது. இரவு பகலாக ஓடின கார்டுகள் எல்லாம் சந்தைக்கு வந்தன. நீ சோதனை எழுதி முடித்த சந்தோஷத்தில், சீட்டுக் காசை எடுத்து அதில் ஒன்றை உனக்கு வாங்கித் தந்தேன். என் கையில் தொட்டுப் பார்த்து, நல்லது என்று நம்பித்தான் வாங்கினேன். ஐந்து மாதத்தில் திரை முழுக்கப் பச்சைச் சதுரங்கள். நீ இரண்டு கிழமை எனக்குச் சொல்லவே இல்லை. சீட்டுக் காசு என்று உனக்குத் தெரிந்திருந்தது. ஒருநாள் நான் உன் அறைக்குள் வந்தபோது கம்பியூட்டரைப் போடாமல் சும்மா இருந்தாய், அப்போதுதான் கேட்டேன். அந்த இரண்டு கிழமையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு கனக்கிறது. கார்ட் போனதைவிட, நீ தனியாக அதை வைத்துக்கொண்டு இருந்ததுதான். இந்த முறை புதிது, பெட்டி உடைக்காதது, எத்தனை வருட வொரண்டி என்று பில்லில் எழுதியது. ஏதாவது பிழைத்தால் அன்றைக்கே எனக்குப் போன் எடு.

அப்புறம் சின்னச் சின்ன விஷயங்கள். மொனிட்டர் ஐபிஎஸ் ஆக, அதாவது பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத வகையாக, இருக்கட்டும். அதில் கறுப்பு கொஞ்சம் வெளிறினாலும் உன் அறை வெளிச்சத்தில் தெரியாது. ஃபிரீசிங்க் இருப்பதைத்தான் பார்ப்பேன், பிரேம் 144க்கு ஏறாமல் 80, 90 என்று இறங்கினாலும் திரை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும், படம் கிழியாது. 9060 எக்ஸ்டி 160 வாட்ஸ் அளவில் இழுக்கும், உன் 550 வாட்ஸ் பவர் சப்ளை தாங்கும். ஆனால் அந்த 650 விஏ யூபிஎஸ் கிட்டத்தட்ட 360 வாட்ஸ்தான் தரும். கரண்ட் போனால் கேமைத் தொடராதே, சேவ் பண்ணிவிட்டு நிறுத்து. கேசிங்கை ஜன்னலுக்குக் கீழே வைக்காதே. இங்கே எங்கள் வீட்டிலேயே கடல் காற்றுக்கு ஸ்க்ரூ எல்லாம் துருப்பிடிக்கிறது, கடலோரக் கல்லடியில் கேட்கவா வேண்டும்.

பூட்டும்போது மொனிட்டர் வயரை மதர்போர்டில் கொழுவிவிடாதே, கார்டில் கொழுவு. பிறகு விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் போய் 144 ஹேர்ட்ஸைத் தெரிவு செய், அது பல நேரம் தானாக மாறாமல் 60இலேயே நிற்கும். ஆறு மாதம் 60இல் விளையாடிவிட்டு வித்தியாசமே இல்லை என்று வந்து நிற்கிற பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன்.

சனிக்கிழமை இரவு பஸ்ஸில் அப்பா வருகிறார். கார்டை மடியில் வைத்துக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், மொனிட்டர் பெட்டியைச் சுற்ற என் பழைய போர்வையை எடுத்து வைத்திருக்கிறார். நீ வெள்ளிக்கிழமைக்குள் மூன்றை எனக்கு அனுப்பு: மேசையின் அகலம், சுவரிலிருந்து மேசை விளிம்பு வரைக்கும் எத்தனை அங்குலம், பவர் சப்ளையின் பக்கத்தில் ஒட்டியிருக்கிற லேபலின் படம். பழைய கேசிங்கில் கார்டுக்கு எவ்வளவு நீளம் இடம் இருக்கிறது என்றும் அளந்துவிடு, இரண்டு ஃபேன் கார்டா மூன்று ஃபேன் கார்டா என்று அதை வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

இரவில் நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா