சூரனுக்கு மட்டும் கொம்பு வரையச் சொல்லாதீர்கள்

கோயில் குழுவில் இருக்கும் அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும் வணக்கம்.

கந்த சஷ்டிக்குப் பிள்ளைகள் 'தீயவர்கள்' படம் வரையவேண்டும் என்று நீங்கள் அனுப்பிய தாளைப் பார்த்தேன். அதில் சூரபத்மனுக்கு அடுத்து யூஜின் டி காக் பெயர். என் பேத்தி இரண்டு பேருக்கும் ஒரே அளவில் கொம்பு வைத்துவிட்டாள்.

டி காக்குக்காக நான் பரிந்து பேச வரவில்லை. இங்கே தென்னாப்பிரிக்காவில், நிறவெறி ஆட்சிக் காலத்தில், பிரிட்டோரியாவுக்குப் பக்கத்தில் ஃப்ளாக்பிளாஸ் பண்ணையிலிருந்து போலீஸின் கொலைப்படையை நடத்திய ஆள். 1996-இல் இரண்டு ஆயுள் தண்டனையும் அதற்கு மேல் 212 வருடமும் கொடுத்தார்கள், சரிதான். ஆனால் பத்திரிகைகள் அவரைத் தீமையின் உருவம் என்று பட்டம் கட்டியதும் யாருக்கு நிம்மதி? அவருக்கு மாதாமாதம் சம்பளம் போட்டவர்களுக்கு, ஓட்டுரிமையைக் கையில் வைத்துக்கொண்டு 1948 முதல் நிறவெறிச் சட்டம் போட்ட அதே தேசியக் கட்சியையே திரும்பத் திரும்ப ஆட்சியில் உட்கார வைத்த வெள்ளைக்காரர்களுக்கு.

நான் பார்த்த தீமைக்குக் கொம்பு இல்லை. எனக்கு ஆறு வயது. டர்பனில் கேட்டோ மேனரில் எங்கள் வீட்டைக் காலி செய்யவேண்டும் என்று, இனம் பார்த்துக் குடியிருக்க இடம் ஒதுக்கிய குரூப் ஏரியாஸ் சட்டக் காகிதத்தோடு வந்தவர் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் பேசினார், எங்கள் ஆயா கொடுத்த டீயைக் குடித்தார், மாமரம் நன்றாகக் காய்க்கிறதே என்று கேட்டார். அப்புறம் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்தில் மரமே இல்லாத முற்றத்தில் உட்கார்ந்துகொண்டு, ஆயா சாகும்வரை அவரை "மரியாதையான மனுஷன்" என்றே சொன்னாள். உண்மைதான். அதுதான் எனக்கு இன்னும் செரிக்கவில்லை. (காகிதத்தைத் தமிழில் படித்துச் சொன்னது நம் ஆள், எங்களுக்குச் சொந்தமும்கூட. வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்கமாட்டோம்.)

நிறவெறி ஆட்சி முடிந்தபின் அதன் குற்றங்களை விசாரிக்க ஆயர் டூட்டு தலைமையில் உண்மை ஆணைக்குழு உட்கார்ந்தபோது, பொதுமன்னிப்புக்கு வந்தவன் செய்ததை முழுக்கச் சொல்லவேண்டும், அரசியல் காரணம் காட்டவேண்டும் என்றார்கள். வருந்தவேண்டும் என்று மட்டும் நிபந்தனை இல்லை. அன்று எனக்கு வயிறு எரிந்தது. இப்போது யோசித்தால், உள்ளுக்குள் நீ நல்லவனா கெட்டவனா என்று அவர்கள் துருவிக்கொண்டிருந்தால் அதற்கு எல்லோரிடமும் ஒரு பதில் இருந்திருக்கும். என்ன செய்தாய், யார் சொல்லிச் செய்தாய் என்று கேட்டதால்தான் புதைத்த இடங்கள் சில வெளியே வந்தன.

சூரனையே முருகன் மயிலும் சேவலுமாக்கிக் கூட வைத்துக்கொண்டான், நாம்தான் கொம்பை விடமாட்டேன் என்கிறோம்.

தலைப்பை மாற்றுங்கள். 'யார் தீயவர்' என்பதை விட்டுவிட்டு, நடந்த ஒரு தீங்கைக் கொடுத்து, அதில் யார் யாருக்கு என்ன வேலை என்று வரையச் சொல்லுங்கள். பேத்தியிடம் சொல்லிப் பார்த்தேன்; தொப்பியும் டீக் கோப்பையும் வரைந்துவிட்டு, முகம் எப்படி இருக்கும் தாத்தா என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.